உழைக்கிற இடத்துக்குப் பொட்டு

என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலாக 'அக்கா' என்று கூப்பிட்டபோது நான் பெட்டியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவரைத் தட்ட முடியாது. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனவர். வாயைத் திறந்தால் கொழகொழவென்று ஏதோ சத்தம் வரும். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை எங்களுக்குச் சொல்வதற்காக வாங்கியது அந்தப் பேச்சுப்பெட்டி. அவர் கழுத்தில் ஒரு பட்டை கட்டியிருக்கும். அதிலிருந்து போகிற ஒயர், கட்டில் ஓரத்தில் தையல் மெஷின் மூடி அளவுக்கு உட்கார்ந்திருக்கும் பெட்டியில் போய் முடியும். அவர் கொழகொழப்பார், பெட்டி தமிழில் சொல்லும். அதுவும் அவருடைய பழைய குரலிலேயே சொல்லும். பீளமேட்டில் பம்ப் பட்டறை நடத்தி, லேத் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரல் அது.

ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜை கழிந்து தை பிறப்பதற்குள் அதன் குணம் மாறிவிட்டது. சோறு போட்டால் "பந்தி முடிஞ்சுதா?" என்று கேட்கும். "போலாம்" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் "போக வேண்டாம்" என்று சொல்லும். இழுத்து இழுத்துப் பேசும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். 'அக்கா'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கா என்றால் அவருடைய அக்கா மரகதம். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்த மூத்தவள். போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தவரை அவள் சொல்தான் இந்த வீட்டில் சொல். பட்டறையில் வார்த்த முதல் பம்புக்கு, எனக்குக் கல்யாணமான புதிதில், 'மரகதம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பம்ப் இறங்காத கிணறு கோயமுத்தூர் ஜில்லாவில் இல்லை. 'தமயந்தி' என்று ஒரு வாஷருக்குக்கூட அவர் பெயர் வைத்ததில்லை. இவ்வளவும் பட்டு, கடைசிக் காலத்தில் நானே மரகதமாகி நிற்பதா?

பூனாவிலிருந்து வந்திறங்கிய மகள் மிருதுளா வேறு மாதிரி பார்த்தாள்.

"பெட்டி மேல பழியப் போடாதீங்கம்மா. டாக்டர் சொல்றதக் கேளுங்க. அப்பாவுக்கு மறதி வந்துருச்சு. ஆளே தெரியறதில்ல."

"உங்கப்பாருக்கு ஒண்ணுமில்ல. பெட்டிதான் அடுப்பாட்டக் கொதிக்குது. தொட்டுப் பாரு."

"அப்பாவ இப்பிடி வெச்சுட்டு நீங்க ஒண்டியாச் சமாளிக்க முடியாது. சரவணம்பட்டில ஞாபகம் தவறுனவங்களுக்குன்னே ஒரு இல்லம் இருக்குது. நல்லா பாத்துக்கறாங்க. நான் பேசிட்டுத்தான் வந்திருக்கறேன்."

இவள் பேசிவிட்டு வருகிற ஜாதி இல்லை, முடித்துவிட்டு வருகிற ஜாதி. அப்பாவைப் போலவே.

"மொதல்ல பெட்டியச் சரி பண்ணலாம் கண்ணு. அதுக்கப்புறமும் அவர் இப்பிடியே பேசினார்னா நீ சொல்ற எடத்துக்கு நானே கூட்டிட்டு வர்றேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எதை வைத்துப் பந்தயம் கட்டினேன் என்று புரிந்தது.

பெட்டி செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது. அங்கே வேலை பார்த்த சிக்கந்தர் என்பவர் இப்போது காந்திபுரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். மிருதுளாதான் தேடிப்பிடித்தாள். நரைத்த தாடியும் நெற்றிக்கு மேல் ஏற்றிய கண்ணாடியுமாக வந்து, பெட்டியைத் திறந்து, அதற்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர்கள் இப்படிப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

"பிராசசர் சில்லு மேல ஹீட்சிங்க் உக்காந்திருக்குதும்மா. இந்தா, சீப்பாட்டம் பல்லுப் பல்லா இருக்குதே அலுமினியக் கட்டி, அதுதான். சில்லுல இருந்து சூட்ட வாங்கி வெளிய விடும். நடுவுல ஒரு பேஸ்ட் இருக்கணும். அது காஞ்சிருச்சுன்னா சூடு மேல ஏறாது. கழட்டித் தொடச்சு புது பேஸ்ட் வெச்சா சரியாயிரும்."

நாலு மூலைத் திருகாணியையும் கழற்றினார். ஹீட்சிங்க் அசையவில்லை. லேசாக ஆட்டினார். அதோடு சேர்ந்து மதர்போர்டே ஆடியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"இழுத்தா வந்துராதுங்களா?" என்றாள் மிருதுளா.

"வரும். சில்லும் சேந்து வரும். அதுக்கடியில மயிரிழையாட்டம் பின் இருக்குதுங்க. சாக்கெட்ல இருந்து நேராப் புடுங்குனா வளைஞ்சாலும் வளையும், ஒடிஞ்சாலும் ஒடியும்."

"ஒடிஞ்சா வேற போட்டுக்கலாமில்ல?"

"வேற சில்லு போடலாம். ஆனா அதுக்கு ஐயாவத் தெரியாதே. மத்த கம்ப்யூட்டர்ல படிச்சதக் காப்பி எடுத்து வெச்சுக்கலாம். இது அந்த ரகமில்ல. ஐயா பேசப் பேச, அது இந்தச் சில்லுக்குள்ளயே தழும்பாட்டம் பதிஞ்சு போயிருக்குது. தழும்பக் காப்பி எடுக்க முடியுங்களா? இது போனா ஐயாவோட பேச்சு போச்சு. புதுசு செய்யறதுக்கும் கம்பெனி இல்ல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்தபடி, பட்டறையில் யாரோ தெரியாதவன் கை வைக்கிறானே என்பது போல சிக்கந்தரின் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதான் வழி?" என்றேன்.

"இட்லித் தட்டுல இட்லி ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? புடுங்க மாட்டீங்கல்ல? அதே மாதிரிதான். சூடு பண்ணி, இப்பிடியும் அப்பிடியும் துளித் துளியாத் திருகி, ஒட்டு விட்டதுக்கப்புறம் தூக்கணும். வெளிய இருந்து சூடு வெக்கக் கூடாது, மத்ததெல்லாம் கெட்டுரும். உள்ளருந்தே வரணும். அது யோசிச்சாத்தான் சூடாகும். ஐயா சாதாரணமாப் பேசினா அதுக்கு வேலையே இல்ல. புரியாமக் குழம்பணும். நல்லாக் குழம்புனா நல்லாச் சூடாகும். எப்ப ரொம்பக் குழம்பும்னு சொல்லுங்க."

மிருதுளா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டா."

இந்த மாதிரி ஒரு கூத்து எந்த வீட்டிலும் நடந்திருக்காது. ஒரு ரிப்பேர்க்காரர் போனில் சூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, பெற்ற மகள் "ஆரம்பிங்கம்மா" என்று சொல்ல, நான் என் வீட்டுக்காரரோடு சண்டைக்கு நின்றேன். முதலில் வெட்கமாக இருந்தது. பல் விளக்கவில்லை, மாத்திரை முழுங்கவில்லை என்று ஏதேதோ சொன்னேன். சிக்கந்தர் தலையை ஆட்டினார். "பத்தாதும்மா. வெந்நி பதம்தான் வந்திருக்குது."

பிறகு எனக்கே தெரியாமல் பம்ப் வந்துவிட்டது.

"ஏனுங்க, நான் கேக்கறேன், அந்தப் பம்புக்கு எதுக்கு உங்கக்கா பேர வெச்சீங்க? ராவும் பகலும் உக்காந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பில காயில் சுத்துனது ஆரு? நானு. வெரலெல்லாம் அறுபட்டது ஆருக்கு? எனக்கு. போர்டுல மட்டும் மரகதமா?"

அவர் நிமிர்ந்தார். வாய் கோணி, கொழகொழவென்று சத்தம் பெருகிக்கொண்டு வந்தது. இடது கையால் கட்டிலைத் தட்டினார். நான் விடவில்லை. அவள் செத்த வீட்டில்கூடக் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டேன். பெட்டி திக்கித் திணறி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் போட்டது.

"அக்கா... இருட்டுது... வீட்டுக்குப் போலாம்... அந்தப் பொண்ணு... ஏன் கத்துது?"

"பாரு, எப்பிடி ஒளறுதுன்னு!" என்றேன் மிருதுளாவிடம். அவள் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சூடு உச்சிக்குப் போயிருச்சு. இனி அது தன்னக் காப்பாத்திக்க வேகத்தக் கொறச்சுக்கும்," என்றார் சிக்கந்தர். பிறகு மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா இது, கோயிலாட்டம் வாசம் வருது?"

எனக்கும் வந்தது. சந்தன வாசம். சுவாமி அறையைப் பார்த்தேன். விளக்குக்கூட ஏற்றவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் மோந்து மோந்து கடைசியில் பெட்டிக்குமேல் தலையை முட்டிக்கொண்டோம். வாசம் அதற்குள்ளிருந்து வந்தது. பிராசசர் எரிந்தால் சந்தனம் மணக்குமா? சிக்கந்தருக்கே வியர்த்துவிட்டது. "என் சர்வீஸ்ல இப்பிடிப் பாத்ததில்லைங்க," என்றார்.

மின்சாரத்தை நிறுத்தி ஒயரைப் பிடுங்கினார். மேஜையின் இரும்புக் காலைத் தொட்டுக் கையிலிருந்த மின்சாரத்தை இறக்கிக்கொண்டார். ஓரத்தில் ஊசியால் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டார். ஒரு நைலான் நூலை இடுக்கில் நுழைத்து, மெல்ல முன்னும் பின்னும் இழுத்தார். பிறகு ஹீட்சிங்கை இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் ஒரு துளி, இடது பக்கம் ஒரு துளி என்று திருகினார். நொறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி, தூக்கி, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார்.

சில்லு சாக்கெட்டில் பத்திரமாக இருந்தது. அதன் நட்டநடு நெற்றியில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சில்லை, சிரிப்பு. அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் ஆயுத பூஜை அன்று மற்றவர்கள் மோட்டாரின் மேல்மூடிக்குப் பொட்டு வைப்பார்கள். இவர் விடமாட்டார். "மூடிக்கு வெச்சு என்ன பிரயோசனம்? உள்ள ஒழைக்கிறதுக்கு வைங்கடா," என்பார். எல்லா மோட்டாரையும் பிரித்து, எண்ணெய்த்துணியால் துடைத்து, சுழலுகிற பாகத்துக்குப் பொட்டு வைத்து மூடினால்தான் அவருக்குப் பூஜை. போன ஆயுத பூஜைக்குப் பெட்டி பக்கத்தில் ஸ்குரூடிரைவர் கிடந்ததை எடுத்து வைத்தவள் நான்தான். எதற்கென்று யோசிக்கவில்லை. மனுஷன் இடது கையாலேயே பிரித்து, சாம்பல் நிறப் பேஸ்ட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, தன்னுடைய பேச்சுக்குத் தானே பொட்டு வைத்திருக்கிறார்.

"நல்ல வேளை, வளைஞ்சது ஒண்ணுமில்ல," என்று சிக்கந்தர் சில்லைத் தொட்டுக் கும்பிட்டார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சந்தனத்தை எடுத்தார். என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். அந்தப் பஞ்சை வாங்கித் தன் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். புதுப் பேஸ்ட்டைத் துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் வைத்து, ஹீட்சிங்கை நேராக இறக்கி, எதிர் எதிர் மூலையாகத் திருகாணியை முடுக்கினார் சிக்கந்தர்.

பெட்டிக்கு உயிர் வந்ததும் மிருதுளா அப்பா முன்னால் போய் உட்கார்ந்தாள். பரீட்சை வைக்கிற முகம்.

"அப்பா, நான் ஆரு?"

"என்ன கேள்வி இது? நீ மிருதுளா. பூனால இருக்கற எம் பொண்ணு," என்றது பெட்டி. தண்ணீர் ஓடுவது போலத் தெளிவு.

"இவங்க?"

"தமயந்தி. உங்கம்மா. அவளாட்டம் ஆரு என்னப் பாத்துக்குவா?"

நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை. மிருதுளாவும் அழுதாள். மன்னிச்சுக்கோங்கம்மா என்றாள். சரவணம்பட்டிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ரெண்டு நாள் அப்பாவும் மகளும் வாய் ஓயாமல் பேசினார்கள். நிம்மதியாக ரயிலேறிப் போனாள்.

அவள் போன மறுநாள் காலை காபி கொண்டு போனேன். "காபி பிரமாதம் தமயந்தி," என்றார். சந்தோஷமாகத் திரும்பினவள் நின்றேன். டம்ளர் என் கையில்தான் இருந்தது. இன்னும் கொடுக்கவே இல்லை.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், பாவம் என்று தெரிந்தும், சர்க்கரைக்குப் பதில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கி, துண்டில் துப்பினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏதோ கொழகொழத்தார்.

"காபி பிரமாதம் தமயந்தி," என்றது பெட்டி.

சிக்கந்தருக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"புதுசுல முழுசாக் கேட்டுத்தாம்மா சொல்லும். பழகப் பழக, ஐயா வாயெடுத்ததுமே இன்னதுதான் சொல்லுவாருன்னு அதுக்குத் தெரிஞ்சு போகும். முந்திக்கும். நாமளே வீட்டுல அப்பிடித்தான? ஒருத்தர் பாதி பேசறப்பவே மீதிய நாம முடிச்சுர்றோம்."

"அவர் அதச் சொல்லலைன்னா?"

"அப்பவும் பெட்டி அதையேதாம்மா சொல்லும்."

"சூடா இருந்தப்ப அப்பிடிப் பண்ணலியே?"

"அப்ப அதுக்கு ஏது தெம்பு? முந்த முடியாது. ஒவ்வொரு சத்தமாக் கேட்டு, கேட்டத அப்பிடியே எடுத்துப் போட்டிருக்கும்."

"அப்ப அந்த அக்கா?"

"சூட்டுல ஒளறுச்சுன்னும் சொல்லலாம். ஐயாவே சொன்னதுன்னும் சொல்லலாம். எனக்கே குழப்பமா இருக்குதும்மா. நான் மெக்கானிக். பெட்டிக்குள்ள இருக்கறதத்தான் சொல்ல முடியும்."

"மறுபடியும் சூடானா கெட்டுப் போகுங்களா?"

"உடனே போகாது. ஆயுசு கொறையும்," என்றவர், ஏன் கேட்கிறேன் என்று கேட்காமலே போனை வைத்தார்.

இரண்டு நாள் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்டி என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் சொன்னது. ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் இவ்வளவு நல்லபடியாகப் பேசியிருக்க மாட்டான். பக்கத்தில் அவர் என்னவோ சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் வாயை மூடிய பிறகும் பெட்டி பேசியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகளிடம் சொன்னால் நாளைக்கே சரவணம்பட்டி. சொல்லாவிட்டால், அவர் பேச்சை இந்தப் பெட்டியே பேசி முடித்துவிடும்.

பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், பெட்டிக்குள் சுற்றுகிற விசிறியின் ஒயரைக் கழற்றினேன். கம்பளி ஒன்றை எடுத்துப் பெட்டியைத் தலையோடு மூடினேன். சண்டைக்கு வேலை இல்லை. பட்டறையைப் பற்றி, வார்ப்பு இரும்பைப் பற்றி, தெரிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பெட்டி சரளமாகப் பதில் சொன்னது. பிறகு தயங்கியது. பிறகு இழுக்க ஆரம்பித்தது.

அவர் சுவரிலிருந்து தலையைத் திருப்பினார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா," என்றது பெட்டி. "வந்துட்டியா?"

இத்தனை வருஷமாக என்னைப் பற்றியெரிய வைத்த சொல். நாக்கு நுனிவரை வந்த 'நான் தமயந்திங்க' என்பதை முழுங்கினேன்.

"வந்துட்டேன் தம்பி," என்றேன்.

அவர் இடது கையால் என் விரல்களைத் தேடிப் பிடித்தார். காயில் சுற்றிக் காய்ப்பு ஏறிய விரல்கள். ஒவ்வொன்றாகத் தடவினார். கொழகொழவென்று மெதுவாக ஏதோ சொன்னார். பெட்டி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

"அக்கா... உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்... கோவிச்சுக்குவியோன்னு... பயமா இருக்குது."

"கேளு சாமி."

"அந்தப் பொண்ணு... தமயந்தி... வெரலெல்லாம் ரத்தம்... ஒரு வார்த்த சொல்லமாட்டீங்குது... அடுத்த பம்புக்கு... அவ பேர வெக்கட்டுமா?"

அவர் பயந்த கண்ணோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சண்டையில் நான் கத்தினதைக் கேட்டு வைத்துக்கொண்டு பெட்டியே இதை எனக்காகச் செய்துவிட்டதோ என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. எனக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியும்.

"வெச்சுக்கோ கண்ணு. நல்லா வெச்சுக்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். முந்துகிற தெம்பு அதற்கு இன்னும் இருக்கிறதா என்று நான் மற்றொரு கையை நீட்டி, கம்பளிக்கு அடியில் விட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வைத்த கையை வைத்த இடத்தில் வைத்திருக்க முடியவில்லை. அவ்வளவு சூடாக இருந்தது.